முதல் மெழுகுதிரி பக்கத்து வீட்டுக்கு

எமல்டாவின் தம்பி மனைவி திரேசா அன்று காலை, ஊரடங்கு எடுபட்ட கையோடு, சைக்கிளில் வந்து எங்கள் படலையடியில் நின்றாள். உள்ளே வரும்படி கூப்பிட்டேன். வரவில்லை. கைபிடியை விடாமல் அப்படியே நின்றாள். இழவு சொல்ல வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் படலை தாண்டுவதில்லை. அதனால் அவள் வாய் திறப்பதற்கு முன்பே எனக்குச் செய்தி விளங்கிவிட்டது, யார் என்பதுதான் விளங்கவில்லை. "மச்சாள்தான், அக்கா. விடியக்காலமை நெஞ்சு நோகுது எண்டவ. தண்ணி எடுத்துக்கொண்டு வாறதுக்கிடையிலை முடிஞ்சுது" என்றாள். "பக்கத்திலை ஆரும் நிண்டனீங்களோ?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். "இவர் நிண்டவர், கையைப் பிடிச்சுக்கொண்டு" என்றாள். எமல்டாவும் நானும் ஒரே வாட்டில் பன்னிரண்டு வருடம் தாதிகளாக வேலை செய்தவர்கள். எங்களுக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரும்.

அடக்கம் அடுத்த நாள் பின்னேரம் நடந்தது. ஆஸ்பத்திரியில் எங்களோடு வேலை செய்த உங்களில் அநேகர் வந்திருந்தீர்கள். கத்தோலிக்கர் தங்கள் மயானத்தைச் சேமக்காலை என்பார்கள். நகரத்துச் சேமக்காலையில், மதிலோரம் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. மண் போட்டு முடிந்து குருவானவர் போன பிறகு ஆளுக்கொரு மெழுகுதிரி தந்தார்கள். நான் என்னுடையதை எமல்டாவின் குழியில் வைக்காமல், பக்கத்திலிருந்த, பெயர் அழிந்துபோன ஒரு பழைய கல்லறையில் கொளுத்தி வைத்தேன். எங்கள் வாட்டுப் பிள்ளை ஒருத்தி ஓடி வந்து முழங்கையைப் பிடித்து, "அக்கா, இஞ்சாலை" என்று மெல்லத் திருப்பினாள். "பாவம், மனுசிக்கு இடம் மாறிப்போச்சு" என்று பின்னால் ஒருவர் சொன்னதும் காதில் விழுந்தது. இன்னொரு திரி வாங்கி எமல்டாவுக்கும் வைத்துவிட்டு வந்தேன். அதன்பின் உங்களில் சிலர் என்னைக் காணும்போதெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே சுகம் விசாரிக்கிறீர்கள். ஒருவர் கண்ணைக் காட்டச் சொன்னார். என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. அந்தத் திரி ஏன் அங்கே போனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அதைச் சொல்வதென்றால், எமல்டாவோடு ஊர்காவற்றுறைக்குப் போய்வந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும்.

'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் தொடங்கினேன். இரண்டு வரியிலேயே அது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றியது போல ஆகிவிட்டது. ஆகவே அவள் என்றே எழுதுகிறேன். நேரில் நாங்கள் கடைசிவரைக்கும் 'நீர்'தான். கோபம் வந்தால் மட்டும் அவள் என்னை 'நீங்கள்' என்பாள். அப்படி ஒருமுறை இரண்டு கிழமை முழுவதும் 'நீங்கள்' என்று கூப்பிட்டு என்னை வதைத்திருக்கிறாள்.

நாங்கள் சந்தித்தது தொண்ணூற்றாறில். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிய சனம் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தால் மெத்தை இல்லை, மெத்தை இருந்தால் மருந்து இல்லை. நான் கோண்டாவில், செம்மண் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். அவள் ஊர்காவற்றுறை. தொண்ணூறில் தீவுப்பகுதியை விட்டு வந்தவள், தம்பி குடும்பத்தோடு குருநகரில் இருந்தாள். முதல் நாள் ஒரு சின்னப் பிள்ளைக்கு ஊசி போடும்போது நான் வழக்கம்போல, "நோகாது குஞ்சு" என்றேன். பிள்ளை வீரிட்டு அழுதது. வெளியே வந்ததும் எமல்டா சொன்னாள்: "நோகாது எண்டு சொல்லாதையும். நோகும், கெதியா முடியும், நான் நிப்பன் எண்டு சொல்லும். பிறகு அந்தப் பிள்ளை உம்மை நம்பும்." வந்த முதல் நாளே புத்தி சொல்கிறாளே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அடுத்த பிள்ளையின் நரம்பை அவள் ஒரே குத்தில் கண்டுபிடித்தபோது எரிச்சல் இன்னும் கூடியது.

எமல்டாவுக்குப் பொய் வராது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். உங்களில் பலர் அதனால் அடிபட்டும் இருப்பீர்கள். எங்கள் வாட்டில் ஓர் ஆச்சி கிடந்தார். சீனி வியாதியில் கால் அழுகிவிட்டது. அடுத்த நாள் அந்தக் காலை வெட்டி எடுப்பதாக முடிவு. மகன்மார் இருவரும், "நாளைக்கு வீட்டை போகலாம் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கையெழுத்தையும் அவர்களே போட்டுவிட்டார்கள். அவர்கள் போனதும் எமல்டா கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, "ஆச்சி, நாளைக்கு வீட்டை போறேல்லை. காலை எடுக்கப் போகினம். நான்தான் டியூட்டி" என்றாள். ஆச்சி, "எனக்குத் தெரியும் மிஸி. அவங்களுக்குத்தான் சொல்ல ஏலாமல் கிடக்கு" என்றார். மகன்மார் தாதிகளுக்குத் தலைவியான மேற்றனிடம் முறைப்பாடு செய்தார்கள். எமல்டா ஏச்சு வாங்கினாள். அவள் திருந்தவில்லை.

என் மகளின் கலியாணத்தன்று, மணவறைக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் வந்து, "உந்தச் சாறி உமக்கு வடிவில்லை" என்று சொன்னவளும் அவள்தான். கலியாணப் படங்களில் நான் இஞ்சி தின்றவள் மாதிரி நிற்பதற்குக் காரணம் அதுதான். அவளைப் பொறுத்தவரை அதில் தப்பே இல்லை. "கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பன்" என்றாள்.

இப்படிப்பட்டவள் என் கண் முன்னே ஒரேயொரு பொய் சொன்னாள். அதுவும் சேமக்காலையில், ஒரு கிழவரிடம்.

அதற்கு முன் அவளுடைய ஊர்ப்பெருமையைச் சொல்ல வேண்டும். டியூட்டி முடிந்து தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தால் ஊர்காவற்றுறைதான். அந்தத் துறைமுகத்துக்கு வராத கப்பல் இல்லை, அந்தக் கடைத்தெருவில் கிடைக்காத சாமான் இல்லை, அந்தப் பேக்கரி பாணுக்கு ஈடான பாண் யாழ்ப்பாணத்தில் இல்லை. "உங்கடை கோண்டாவிலிலை என்ன கிடக்கு, வெங்காயம்" என்பாள். நான் தீவுப்பக்கம் போனது நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு மட்டும். அதுவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வள்ளத்தில் போனது. அதனால் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் எல்லாப் பெருமையும் முடிந்த பிறகு, கோப்பையைக் கழுவும்போது, வேறொன்று மெதுவாக வரும். "அம்மாவுக்கு ஒரு திரி கொளுத்தேலாமல் கிடக்கு தேவகி."

அவளுடைய தாய் வெரோனிக்கம்மா இறந்தது தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில். புதைத்த இடத்தில் மரச்சிலுவைதான் நட்டிருந்தார்கள். ஆண்டு திரும்பியதும் கல்லறை கட்டுவது வழக்கம். ஆண்டு திரும்புவதற்கு முன் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்து எழும்பிவிட்டது. அதன்பின் ஒவ்வொரு கார்த்திகையிலும், இறந்தவர்களுக்காகத் திரி கொளுத்தும் மாதத்தில், குருநகர்ச் சனமெல்லாம் பூவும் திரியுமாகச் சேமக்காலைக்குப் போகும்போது அவள் வீட்டுக்குள் இருப்பாள். அவளுடைய தாய் நல்ல வாய்க்காரி. "என்னை இஞ்சை விட்டிட்டுப் போட்டாள் எண்டு அங்கை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு கிடப்பா" என்று சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பை நம்ப நான் ஒன்றும் பச்சைப் பிள்ளை இல்லை.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். பாதைகள் திறந்தன. அந்தக் கார்த்திகை இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் நாளன்று, அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த கிழமை ஒரு வெள்ளிக்கிழமை இருவருக்கும் ஓய்வு வந்தது. "வாறீரோ? எங்கடை ஊரையும் காட்டுறன்" என்றாள். மழைக்காலம், புல் ஆளுயரம் நிற்கும் என்று நான் எங்கள் தோட்டத்து உழவாரத்தைப் பையில் வைத்துக்கொண்டேன். புல் செதுக்குகிற வேலை எங்களுக்குத்தானே கைவந்தது. அவள் ஒரு பெட்டி மெழுகுதிரியும் சாப்பாட்டுப் பார்சலும் கொண்டுவந்தாள்.

தீவுக்குப் போகிற பண்ணைப் பாலத்தடியில் மினிபஸ்ஸிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள். ஒரு கடற்படைப் பெடியன் உழவாரத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நான் தோட்ட வேலைக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். எமல்டா முந்திக்கொண்டு, தாதிப் பயிற்சியில் படித்த உடைந்த சிங்களத்தில், தன் அம்மாவின் குழியில் புல் செதுக்கப் போவதாகச் சொன்னாள். அவன் மெழுகுதிரிப் பெட்டியையும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். மினிபஸ் மண்கும்பான் மணலையும் வேலணையையும் கடந்து போயிற்று. கூரையில்லாத வீடுகள் தொடங்கியதும் எமல்டாவின் கதை நின்றது.

ஊர்காவற்றுறைப் பட்டினம் எப்படி இருந்தது என்று போனவர்களுக்குத் தெரியும். இறங்கிய இடத்தில் இரண்டு தேத்தண்ணிக் கடை, ஒரு சைக்கிள் கடை. மற்றதெல்லாம் சுவர். சுவருக்குள்ளே ஆலங்கன்று. நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. அவள் கையை நீட்டி, "இதுதான் பேக்கரி" என்றாள். நான் அந்த வெறுங்காணியைப் பார்த்து, "ஓம், வடிவான பேக்கரி" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் தடையில்லை. இது புடவைக்கடை, இது கப்பல் முதலாளியின் மாடி, இது சுங்கக் கந்தோர் என்று இல்லாத பட்டினத்தை எனக்குத் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டினாள். நானும் ஒன்று விடாமல் பார்த்தேன். இறங்குதுறையில் வந்து நின்றோம். எதிரே காரைநகர், நடுக்கடலில் கோட்டை. "போர்த்துக்கேயன் கட்டினது. பிறகு ஒல்லாந்தன் வந்தான், வெள்ளைக்காரன் வந்தான், இப்ப நேவி இருக்குது. எல்லாரும் உள்ளுக்கை இருந்து பாத்தாச்சு. நாங்கள் மட்டும் நெடுகக் கரையிலை நிண்டுதான் பாக்கிறம்" என்றாள்.

சேமக்காலைக் கதவு துருப்பிடித்துத் திறந்தபடி கிடந்தது. உள்ளே எருக்கலையும் பட்டிப்பூவும். ஆத்துமாக்கள் நாளன்று வந்தவர்கள் அங்கங்கே வெட்டித் துப்புரவாக்கிய இடங்கள் மட்டும் வெளியாகத் தெரிந்தன. எமல்டாவுக்கு அடையாளம் மனப்பாடம். கப்பல் முதலாளி குடும்பத்துக் கல்லறையில் ஒரு சீமெந்துச் சம்மனசு, தேவதூதன் சிலை, செட்டையை விரித்தபடி நிற்கும். அந்தச் சம்மனசின் இடது கைப்பக்கம் அம்மா. சம்மனசு நின்றது. ஒரு செட்டை இல்லை, ஆனால் நின்றது. அவள் பற்றைக்குள்ளால் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. நாற்பத்தெட்டு வயது மனுசி, சாறியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.

சம்மனசுக்கு இடப்பக்கம் ஒரு மேடு, சிலுவை இல்லை. நான் உழவாரத்தால் புல்லைச் செதுக்கச் செதுக்க அவள் வேரை இழுத்து எறிந்தாள். தலைமாட்டில் உழவாரம் கல்லில் பட்டது. மணலை விலக்கினால் ஓர் அம்மிக் குழவி. எமல்டா அதைத் தூக்கி மடியில் வைத்தாள். "எங்கடை குழவி. தம்பி வைச்சிருக்கிறான், எனக்குச் சொல்லேல்லைப் பாரும்" என்றாள். அதைத் தடவித் தடவி அழுதாள். எத்தனையோ சாவைப் பக்கத்தில் நின்று பார்த்த பெண், அப்படி வாய்விட்டு அழுது நான் அன்றுதான் கண்டேன். நானும் அழுதேன். கொண்டுபோன திரி அத்தனையையும் சுற்றிவரக் கொளுத்தினோம். அவள் செபமாலை சொல்ல நான் பக்கத்தில் குந்தியிருந்தேன். எனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றை மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வெரோனிக்கம்மா கோபிக்கமாட்டா என்று பட்டது.

செபமாலை முடிகிற நேரம் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரும்பினால் ஒரு கிழவர். சாரம், தோளில் துவாய், கையில் ஒற்றை மெழுகுதிரி. எமல்டா எழும்பி, "சந்தியா மாமா" என்றாள். எனக்கு அவள் முன்பே சொல்லியிருந்த ஆள்தான். அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர், சந்தியாப்பிள்ளை. குடும்பத்தோடு இந்தியாவுக்கு வள்ளத்தில் போய் அகதி முகாமில் இருந்தவர். திரும்பி வந்து ஒரு கிழமைதான் ஆகியிருந்தது.

அவர் எமல்டாவின் தலையில் கையை வைத்தார். "பிள்ளை, உன்ரை கொம்மாவும் எங்கடை மனுசியும் சாகுமட்டும் முகம் பாக்கேல்லை. அதுகளின்ரை சண்டையை நீ மனசிலை வைக்கேல்லையே. என்ரை மதலேனாளுக்கு வந்து திரி கொளுத்தியிருக்கிறாயே, அம்மா" என்றார். பிறகு எமல்டா மடியிலிருந்து மணலில் இறக்கிவைத்த குழவியைக் காட்டினார். "உதை நான்தான் வைச்சனான். ஊர் எழும்பேக்கை கொண்டுபோகேலாது. சிலுவை உக்கிப்போம், குழவி உக்காது எண்டு தலைமாட்டிலை தாட்டனான்."

இந்த மதலேனாளின் கதையும் எனக்குத் தெரியும். இரண்டு வீட்டுக்கும் இடையில் வேலியில் ஒரு பொட்டு இருந்ததாம். அதற்குள்ளால் நாள் முழுக்கப் போக்குவரத்து. சின்ன எமல்டாவுக்குத் தலை இழுத்துவிடுவதும் பனங்காய்ப் பணியாரம் கொடுப்பதும் மதலேனா மாமிதான். இரண்டு பெண்களும் ஒரே நாளில், ஒரே கல்லுக்காரனிடம், ஒரே மாதிரி இரண்டு அம்மி வாங்கினவர்கள். பிறகு ஒரு நாள் மதலேனாளின் கோழி, வெரோனிக்கம்மா காயப்போட்ட கருவாட்டைக் கிளறிவிட்டது. வெரோனிக்கம்மா எறிந்த விறகுக் கட்டையில் கோழிக்குக் கால் முறிந்தது. அன்று பின்னேரமே வேலிப் பொட்டை இரண்டு பக்கத்தாலும் அடைத்தார்கள். அது திறக்கவே இல்லை. வெரோனிக்கம்மா சாவதற்கு முந்தின வருடம் மதலேனாள் செத்தபோதும் அவ செத்தவீட்டுக்குப் போகவில்லை.

ஆக, நாங்கள் அழுது தீர்த்தது மதலேனாளின் குழியில். மடியில் வைத்துக் கொஞ்சியது மதலேனாளின் குழவியை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து கொண்டுவந்த திரி ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாம் அம்மாவின் எதிரிக்கு எரிந்துகொண்டிருந்தது. "ஐயா, பிழை நடந்துபோச்சு" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். எமல்டா என் கையைப் பிடித்து நகம் பதிய அமத்தினாள். உள்ளதை உள்ளபடி சொல்கிற எமல்டா, மகன்மாரை மீறி ஆச்சியிடம் சொன்னவள், கிழவரின் முகத்தை நேராகப் பார்த்து, "ஓம் மாமா. மாமிக்குக் கொளுத்தத்தான் வந்தனான்" என்றாள்.

கிழவர் துவாயால் முகத்தைத் துடைத்தார். எமல்டா, "அம்மாவின்ரை இடம் எனக்கு மட்டுப்பிடிக்க ஏலாமல் கிடக்கு. உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள். அவர் சம்மனசை ஏற இறங்கப் பார்த்தார். "உது இஞ்சை நிண்டதில்லையே. அங்காலை எல்லோ நிண்டது. ஆரோ துப்புரவாக்கேக்கை விழுந்து கிடந்ததைத் தூக்கி, நல்ல பீடமாப் பாத்து வைச்சிருக்கிறாங்கள்" என்றார். எங்களை அப்பால் கூட்டிப் போனார். உடைந்த பீடம் ஒன்று கிடந்தது. அதற்கு இடப்பக்கம் மூன்று மேடு, அருகருகே, ஒன்றிலும் சிலுவை இல்லை. "இதுக்குள்ளை ஒண்டு கொம்மா. எதெண்டு எனக்குச் சொல்லத் தெரியாது பிள்ளை" என்றார். நரம்பை ஒரே குத்தில் கண்டுபிடிக்கிற எமல்டா மூன்று மேட்டையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். அந்த நிற்கையை என்னால் மறக்க முடியவில்லை. கையில் திரியும் இல்லை, குனிந்து அழுவதற்கு ஓர் இடமும் இல்லை.

அப்போதுதான் சந்தியாப்பிள்ளை தன் கையிலிருந்த ஒற்றைத் திரியை நீட்டினார். "மதலேனாளுக்குத்தான் நிறைய எரியுதே. இதைக் கொம்மாவுக்குக் கொளுத்து. பக்கத்து வீட்டிலை இருந்து வந்ததெண்டு சொல்லு" என்றார். அவள் அதை வாங்கி மூன்று மேட்டுக்கும் நடுவில் மணலில் நட்டாள். காற்றுக்கு என் குடையை மறைவாகப் பிடித்தேன். மூன்று பேரும் அது எரிந்து முடியும்வரைக்கும் நின்றோம்.

கோயில் நிழலில் பார்சலை அவிழ்த்தபோது புட்டும் மீன் பொரியலும். "வெள்ளிக்கிழமை எனக்கு மச்சம் ஆகாதெண்டு தெரியாதோ?" என்றேன். "எங்களுக்கும் வெள்ளியிலை இறைச்சி இல்லை. மீன் கடலிலை விளையிற மரக்கறி" என்றாள். அந்தப் பகிடியில்தான் எனக்கு உயிர் வந்தது. நான் வெறும் புட்டைத் தின்றபடி, இத்தனை காலமும் பொய் சொல்லாத நீர் இன்று என்ன செய்தீர் என்கிற மாதிரி அவளைப் பார்த்தேன். அவள் கை கழுவிக்கொண்டு சொன்னாள்: "அழேக்கை அம்மாவை நினைச்சன். ஆனால் திரி எரிஞ்சது மாமிக்கு. அது பொய்யில்லைத்தானே. அதுக்குப் பிறகு நான் கொளுத்த வந்தனான் எண்டு சொன்னதுதான் பொய். அதை நான் மெய்யாக்கிப்போடுவன்."

மெய்யாக்கினாள். பாதை திறந்திருந்த வருடங்களில் ஒவ்வொரு கார்த்திகையும் போனோம். போகும்போது முதல் திரி மதலேனா மாமிக்கு, அதன் பிறகுதான் மூன்று மேட்டுக்கும் நடுவில். "அம்மாவுக்கு முதல் வைக்கலாமே" என்று நான் கேட்டேன். "அம்மா என்ரை அம்மா, கொஞ்சம் பொறுப்பா. முதல் திரி பக்கத்து வீட்டுக்கு. இல்லாட்டி மாமி திரும்பவும் பொட்டை அடைச்சுப்போடுவா" என்றாள். தம்பி ஒரு மேட்டைத் தெரிந்தெடுத்துக் கல்லறை கட்டுவோம் என்றபோது சம்மதிக்கவில்லை. மற்ற இரண்டு பேரையும் பார்க்க யாரும் இல்லையே என்று, நடுவில் பெயரில்லாத ஒரு சிலுவையை நட்டாள். சம்மனசை அதன் பழைய பீடத்தில் வைக்கலாம் என்று சந்தியாப்பிள்ளை சொன்னதற்கும், நின்ற இடத்திலேயே நிற்கட்டும் என்றுவிட்டாள். அவர் இரண்டாயிரத்து ஐந்தில் காலமானார். கடைசிவரைக்கும் அவருக்கு உண்மை தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒற்றைத் திரியைத் தந்திருக்கமாட்டார் என்று நான் நினைக்கவில்லை.

முதல் பயணத்தில் திரும்பி வரும்போது மினிபஸ்ஸில், "நான் செத்தால் என்னை இஞ்சை கொண்டுவாரும். மூண்டிலை எதுக்குப் பக்கத்திலையெண்டாலும் பரவாயில்லை" என்றாள். "உமக்கு முன்னம் நான் போனால்?" என்றேன். "உங்கடை ஆக்களை எரிக்கிறதுதானே. சுகமான வேலை, ஆரும் இடம் தேடத் தேவையில்லை" என்றாள். சரி என்று நான் வாக்குக் கொடுத்தேன். இந்த மாசியில் அவள் போனபோது நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். சவத்தோடு இத்தனை காவலரணைத் தாண்டித் தீவுக்குப் போவது நடக்காத காரியம் என்று தம்பி சொன்னான், குருவானவர் சொன்னார், நானும் ஓம் என்றேன். வேறென்ன சொல்வது. அவள் தாயிடமிருந்து தூரத்தில் கிடக்கிறாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதுதான் உண்மை.

இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை மறுபடி பூட்டுப்பட்ட பிறகு அவள் குருநகர் வீட்டில் மேற்குப் பக்க யன்னலில் திரி வைப்பாள். அந்த மாதத்திலேயே எங்கள் வீட்டில் கார்த்திகை விளக்கீடு. இனி அந்தத் திரிகளை நான் வைக்க வேண்டும். பாதை விட்டால் உழவாரத்தோடு நேரே ஊர்காவற்றுறைக்குப் போவேன், விடாவிட்டால் விளக்கோடு விளக்காக எங்கள் வாசலில் எரியட்டும். நோயாளியிடம், "நோகும், நான் நிப்பன்" என்று சொல்லும் பழக்கமும் அவள் தந்ததுதான். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்.

அடக்கத்தன்று நடந்ததற்கு வருகிறேன். எமல்டா புது இடத்துக்குக் குடிபோயிருக்கிறாள். பக்கத்தில் இருப்பது யார் என்று நமக்குத் தெரியாது, கல்லில் பெயர் அழிந்துவிட்டது. அவளுக்கோ வாய் சும்மா கிடக்காது. போன அன்றே அந்த ஆளைப் பார்த்து, உந்தச் சாறி உமக்கு வடிவில்லை என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் முதல் திரியை அங்கே வைத்தேன். எனக்கு இடம் மாறவில்லை.